மாமனார் சொன்னதும் மகள் எழுதியதும்

கேள்வி:

ஏற்காடு பக்கம் செம்மநத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. சொந்தத் தோட்டத்தில் பறிப்பு முடிந்தால் எஸ்டேட் வேலைக்கும் போவேன். மகளிர் குழுவில் கணக்கு எழுதுவதும் நான்தான்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அக்டோபர் 16 உலக உணவு நாளுக்குப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். உலகில் பசி ஏன் என்பது தலைப்பு. மக்கள்தொகை பெருகிவிட்டது, விளைச்சல் போதவில்லை, ஜனங்கள் உழைக்க மறுக்கிறார்கள் என்று மூன்று காரணம் எழுதி வீட்டில் சத்தமாக வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்த என் மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க சின்ன வயசுல சாமையும் கேவுறும் வெதச்சோம். மழை இல்லாத வருசம் காட்டுல கவலைக்கெழங்கு தோண்டித் தின்னோம். ஒருத்தனும் சோம்பேறி கெடையாது. இந்த மலையில அப்ப இவ்வளவு சனமும் கெடையாது. அப்புறம் ஏன் பசிச்சுது?” என்றார். மகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்போது ரேஷனில் அரிசி சும்மாவே கிடைக்கிறது. பட்டினி கிடப்பவர் என்று எங்கள் ஊரில் யாரையும் காட்ட முடியாது. ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு என்கிறார்கள். இதையும் பசி என்றுதான் சொல்வதா? குழுவில் கொஞ்சம் பொதுப் பணம் இருக்கிறது. வெளிநாட்டுப் பஞ்ச நிவாரணத்துக்கு அனுப்பலாம் என்கிறார் ஒருவர். சாமை தோல் நீக்குகிற மிஷின் வாங்கப் போடலாம் என்கிறார் இன்னொருவர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, செம்மநத்தம், சேர்வராயன் மலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அதற்காக மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். பெரிய படிப்புப் படித்தவர்களும் மேடையேறினால் அவள் எழுதிய மூன்று காரணங்களையே சொல்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1951ல் இந்தியாவில் 36 கோடிப் பேர் இருந்தோம். அந்த ஆண்டையொட்டி விளைந்த உணவு தானியம் 5 கோடி டன்னுக்குச் சற்று மேல். இன்று நாம் அதைப்போல நான்கு மடங்கு. தானியமோ 2023-24ல் 33 கோடி டன்னைத் தாண்டி, ஆறு மடங்குக்கு மேல் போய்விட்டது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கோடி டன் தானியம் விளைகிறது. கைக்குழந்தையையும் சேர்த்துப் பங்கு போட்டால் தலைக்கு 340 கிலோ, அதாவது நாளைக்கு ஒரு கிலோவுக்குப் பக்கம். அதில் கணிசமான பங்கு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது, ஒரு பகுதி வண்டி ஓட எத்தனாலாகிறது. வீணாவது தனி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022ல் வீடுகளிலும் ஓட்டல்களிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போயிருக்கிறது. இவ்வளவு விளைகிற உலகத்தில், 2024ல் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் 2025ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உலகத்தில் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆப்பிரிக்காவில் ஐந்தில் ஒருவர்.

எவ்வளவு விளைகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த 67 கோடிப் பேர் ஏன் பசித்திருக்கிறார்கள் என்பது கடைசிவரை விளங்காது. ஒருவர் தட்டுக்குச் சோறு வந்து சேர்வதற்கு இருக்கிற வழிகள் கொஞ்சம்தான். சொந்த நிலத்தில் விளைய வேண்டும். இல்லையென்றால் கூலி கிடைத்து, அந்தக் கூலிக்கு எட்டுகிற விலையில் கடையில் வாங்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் காட்டிலோ கரையிலோ தேடி எடுக்க வேண்டும். கடைசியாக, அரசோ ஊரோ உறவோ கொடுக்க வேண்டும். இந்த வழிகளெல்லாம் ஒரே சமயத்தில் அடைபடும்போது ஆள் பட்டினியாகிறான். பக்கத்துத் தெருவில் மூட்டை அடுக்கியிருந்தாலும் பட்டினிதான். ஆகவே பசி எங்கே இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, யாருக்கு எந்த வழி அடைபட்டது, அடைத்தது யார் என்பதை.

இதைப் பார்ப்பதற்கு ஆப்பிரிக்காவரை போக வேண்டியதில்லை. ஏற்காட்டு மலையிலிருந்து இரவில் கீழே விளக்குத் தெரிகிற சேலமே போதும்.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876ல் பருவமழை பொய்த்தது. 1877லும் முதலில் பெய்ய வேண்டிய மழை சரியாகப் பெய்யவில்லை. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. பஞ்சமென்றால் தானியமே கண்ணில் படாமல் போவது என்று நினைக்கிறோம். சேலத்துக்கு ரயில் வந்து அப்போது சுமார் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயிலேறி உள்ளூர் வரை வந்தது. விலை மட்டும் வாங்கமுடியாத உயரத்துக்கு ஏறிக்கொண்டே போனது. மழை பொய்த்ததும் ஏழை வீட்டில் முதலில் காணாமல் போனது கூலி. விதைப்பு இல்லையென்றால் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை, கதிரடிக்க ஆள் தேவையில்லை. அடுத்த அடி நெசவாளருக்கு விழுந்தது. அரைவயிறு சாப்பிடுகிறவன் புதுவேட்டி வாங்க மாட்டான் அல்லவா? தறிக்கும் மழைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது, ஆனாலும் தறி நின்றது. மாடுகள் செத்தன. பண்டபாத்திரங்களை விற்கப் போனவர்களுக்கு வாங்க ஆள் இல்லாததால் அடிமாட்டு விலைதான் கிடைத்தது.

அரசு என்ன செய்தது என்பதை உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். சந்தையில் கைவைக்கக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் பிடிவாதம். இந்தியத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் போவது பஞ்சத்தின் நடுவிலும் நிற்கவில்லை. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தடபுடலாக நடந்தது. அதே மாதம், நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு அனுப்பப்பட்டார். கல் உடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியை இறக்கினார். இந்த அளவு உயிர் வாழக் காணாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கூலியை ஓரளவு உயர்த்தினார்கள். முகாம்களில் அதற்குள் எத்தனையோ பேர் சுருண்டுவிட்டிருந்தார்கள். நிவாரணம் கேட்பவன் உண்மையிலேயே ஏழையா என்று சோதிப்பதற்காக, ஊரைவிட்டுத் தொலைவில் உள்ள முகாமுக்கு வந்தால்தான் வேலை என்று ஒரு விதியும் இருந்தது. சோம்பேறிக்குச் சோறு போடக்கூடாது என்ற அந்தக் கவலையைத்தான் உங்கள் மகள் மூன்றாவது காரணமாக எழுதியிருக்கிறாள். நூற்றைம்பது ஆண்டாக அது எப்படி நம் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்!

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. 1871 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 19½ லட்சம் பேர். 1881ல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், பிறக்காமல் போனவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் எல்லாரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். தென்னிந்தியா முழுவதும் சேர்த்து இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஜனத்தொகை குறைந்தால் பசி தீரும் என்பது உண்மையானால் 1881ன் சேலம் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு அரசே ஒரு பஞ்ச ஆணையம் அமைத்தது. 1880ல் அது கொடுத்த அறிக்கை, வறட்சி வந்தால் உழைக்கும் மக்களுக்கு முதலில் போவது வேலையும் கூலியும்தான் என்று ஒத்துக்கொண்டது. அதை வைத்துப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. 1943ல் வங்காளத்தில் அவையும் ஒதுக்கிவைக்கப்பட்டன. போர்க்காலம், பர்மா அரிசி வரத்து நின்றுபோனது, விலை பல மடங்கு ஏறியது. பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. 30 லட்சம் பேர்வரை மாண்டார்கள். அந்த ஆண்டு வங்காளத்தில் இருந்த மொத்த உணவு, பஞ்சமே வராத 1941ஐ விட அதிகம் என்று அமர்த்தியா சென் 1981ல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் கணக்குக் காட்டினார். அவருடைய எண்களோடு சண்டை போடுகிற பொருளாதார அறிஞர்கள் இன்றும் உண்டு. ஆனால் அரிசி வைத்திருந்தவன் பிழைத்தான், நாவிதரும் மீனவரும் கூலிக்காரரும் செத்தார்கள் என்ற இடத்தில் யாருக்கும் சண்டை இல்லை.

இனி மலைக்கு வருவோம். மாமனாரின் கேள்வி மலையைப் பற்றியதுதானே?

தாதுப் பஞ்சம் வந்தபோது சேர்வராயன் மலையில் காப்பி புதிய பயிர் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து நட்டது அது. தோட்டம் விரிய விரிய மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக்காடு சுருங்கியது. 1882ல் சென்னை வனச்சட்டம் வந்து காடுகள் ஒதுக்குக் காடுகளாயின. நிலம், காடு என்ற இரண்டு வழியும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கிய பிறகு மிஞ்சியது கூலி. அந்தக் கூலிக்கும் பருவம் உண்டு. பழம் சிவக்கிற நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஆள் போதாது. பறிப்பு முடிந்து, பூ மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்களில் வேலை எண்ணிக்கொடுப்பதுதான். அதனால் மாமனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆள் குறைவு, சோம்பல் கிடையாது, மண் உண்டு, ஆனாலும் பசித்தது. மழை பொய்த்த ஆண்டில் கைகொடுக்க அவர்களுக்குக் கவலைக்கிழங்கு தவிர எதுவும் இல்லை. கிழங்கு தோண்டுவதற்கும் பல இடங்களில் வனக்காவலரின் தயவு வேண்டியிருந்தது. சிறுவனப்பொருள் மீது பழங்குடிக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்வதற்கு 2006 ஆகிவிட்டது.

இன்று உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி இருக்கிறது. அதன் விலை ஏற்காட்டிலும் முடிவாவதில்லை, சேலத்திலும் முடிவாவதில்லை. அரபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரொபஸ்டாவுக்கு லண்டன். நாடுகளுக்கு இடையிலான காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு 1989 ஜூலையில் நின்றதும் விலை சரிந்தது. 2001, 2002ல் மறுபடி அடிமட்டத்துக்குப் போனது. சமீபத்தில் பிரேசில், வியட்நாம் விளைச்சல் கெட்டதால் வரலாறு காணாத உயரத்துக்கு ஏறியது. சாமைக்காடு காப்பிக்காடு ஆனதில் லாபமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். கூடவே, எங்கோ பெய்யாத மழையும் எங்கோ அதிகம் விளைந்த காப்பியும் செம்மநத்தத்து அடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அப்படியும் இன்று ஊரில் பட்டினி இல்லையே என்கிறீர்கள். அது தானாக நடந்ததல்ல. 1960களின் நடுவில் வறட்சி வந்து அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காக நாடு காத்திருந்தபோது, உணவு அமைச்சராக இருந்தவர் நம் கொங்குநாட்டு சி. சுப்பிரமணியம். அவரும் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளும் சேர்ந்து பசுமைப் புரட்சிக்கு வழிசெய்தார்கள். அதனால் கிடங்கு நிறைந்தது. நிறைந்த கிடங்கிலிருந்து ஏற்காட்டு மலையேறி உங்கள் வீட்டுக்கு அரிசி வருவது வேறொரு கதை. அது ஓட்டுக் கதை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஓர் ஆட்சியைக் கொண்டுவர உதவியது. அன்றிலிருந்து அரிசியில் கைவைப்பது எந்த ஆட்சிக்கும் எளிதாக இருந்ததில்லை. 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். மற்ற மாநிலங்கள் பலவும் ஏழை யார் என்று பட்டியல் போட்டுப் பாதி ஏழைகளை விட்டுவிட்டபோது, அரிசி வேண்டுமா, அட்டை இருக்கிறதா, வாங்கிக்கொள் என்று தமிழ்நாடு பெரும்பாலும் எல்லோருக்கும் கொடுத்தது. இது கெட்டிக்காரத்தனம். வசதியானவன் கொஞ்சம் வாங்கிப் போவதால் வரும் நட்டத்தைவிட, ஏழை ஒருவன் பட்டியலில் விடுபடுவதால் வரும் நட்டம் பெரிது. பள்ளிச் சோறும் அப்படித்தான். 1956ல் காமராஜர், 1982ல் எம்.ஜி.ஆர்., 2022ல் காலை உணவு என்று ஒருவர் போட்டதை அடுத்தவர் பிடுங்காமல் கூட்டிக்கொண்டே போனார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆம், அதுவும் பசிதான். வயிறு கூப்பிடாத பசி.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய சராசரி 35க்கு மேல் என்பதால் நாம் தோளைத் தட்டிக்கொள்ளலாம். ஆனால் நாலில் ஒரு குழந்தை. இலவச அரிசி வயிற்றைக் காப்பாற்றியது, ரத்தத்தைக் காப்பாற்றவில்லை. தட்டில் அரிசி ஏறிய அளவுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் ஏறவில்லை. முன்பு இருந்த கேழ்வரகும் சாமையும் இறங்கிவிட்டன. உலக அளவிலும் இதே கதைதான். சத்தான சாப்பாட்டை வாங்கமுடியாதவர்கள் 2024ல் 260 கோடிப் பேர் என்கிறது நான் முதலில் சொன்ன அறிக்கை. பசித்தவர்களைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு!

இன்னொரு விஷயம் தட்டையும் தாண்டியது. குழந்தையின் வளர்ச்சி பெரும்பாலும் ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அந்த வயதில் அதற்கு நாளைக்கு நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, யாராவது உட்கார்ந்து ஊட்ட வேண்டும். காலையில் எஸ்டேட்டுக்குப் போய் மாலையில் திரும்புகிற தாய்க்கு இது எப்படி முடியும்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. சிறு தோட்டங்களில் வேலை செய்பவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. குடிதண்ணீர் சுத்தமில்லாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலும், வயிற்றில் பூச்சி இருந்தாலும், தின்றது உடம்பில் ஒட்டாது. ஊரில் சத்துக்குறைவு ஏன் என்று தேடுகிறவர் சமையலறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. தண்ணீர்த் தொட்டியையும், வேலைக்குப் போன தாயின் குழந்தை பகலில் யார் மடியில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உலகத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. அண்மை ஆண்டுகளில் மிகக் கொடிய பசி இருந்த இடங்கள் பெரும்பாலும் போர் நடந்த இடங்கள். சூடானில் ஜம்ஜம் இடம்பெயர்ந்தோர் முகாமில் 2024 ஆகஸ்டிலும், காஸாவில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் நிலவுவதை நிபுணர் குழுக்கள் உறுதிசெய்தன. இரண்டிடத்திலும் அடைபட்டது சாலை. லாரி வர விடவில்லை. பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்து 2018லேயே ஐ.நா. பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. காகிதம் அப்படியே இருக்கிறது. போர் இல்லாமலும் வழி அடைபடும். தாதுப் பஞ்சத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் இலங்கை மலையகத்தில் இன்னும் தேயிலை பறிக்கிறார்கள். அங்கே 2021ல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டு அரசின் கஜானாவில் அந்நியச் செலாவணியும் தீர்ந்தது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. நிலம் இல்லாமல் கூலியை மட்டும் நம்பியிருந்த தோட்டக் குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன. போரும் இல்லை, மழையும் பொய்க்கவில்லை. விலை என்ற ஒரு வழி அடைபட்டதே போதுமாயிருந்தது.

நல்ல செய்தியும் உண்டு, அதற்கும் ஒரு காப்பி நாடே உதாரணம். பிரேசில் 2003ல் ‘பசியில்லா’ திட்டம் தொடங்கியது. ஏழைத் தாய்மார் கையில் மாதாமாதம் பணம், பள்ளியில் சோறு, அந்தச் சோற்றுக்குச் சிறுவிவசாயிகளிடமே கொள்முதல், ஏற்றிக்கொடுத்த குறைந்தபட்சக் கூலி. 2014ல் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து அந்த நாட்டின் பெயர் நீங்கியது. ஆட்சி மாறித் திட்டங்கள் தளர்ந்தன, கொரோனாவும் வந்தது, பெயர் திரும்ப ஏறிவிட்டது. மீண்டும் பிடித்து இழுத்ததில் 2025 ஜூலையில் மறுபடி நீங்கியது. பத்தாண்டில் போய், வந்து, போயிருக்கிறது. நிலம் அதேதான், மழையும் ஏறக்குறைய அதேதான். மகளின் கட்டுரையில் இந்த ஒரு நாட்டைச் சேர்த்தாலே நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி உங்கள் குழுப் பணம். வெளிநாட்டு நிவாரணம் என்பது இன்றைக்குச் சாகிறவரை நாளைவரை உயிரோடு வைப்பது. அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனமிருக்கிறவர்கள் தங்கள் கைப்பணத்தில் கொடுக்கட்டும். குழுப் பணம் எல்லோருடைய சேமிப்பு, கணக்கெழுதுகிற உங்களுக்கு இது தெரியாததல்ல. என் வாக்கு மிஷினுக்கு.

காரணம் சொல்கிறேன். பக்கத்தில் கொல்லிமலையில் சாமையும் தினையும் பனிவரகும் குறைந்து மரவள்ளி ஏறியது. மரவள்ளிக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் உடனே காசு கிடைத்தது. ஆனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களிலிருந்து அங்கே பெண்களிடம் பேசிப் பார்த்ததில் வேறொன்றும் வெளிவந்தது. சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்குவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் முடிந்தது. சாமையை விரட்டியதில் பாதிப் பங்கு அந்த உலக்கைக்கு என்பது என் கருத்து. சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று மேடையில் பேசுகிற ஆண்கள் யாரும் அதைக் குத்திப் பார்த்ததில்லை. சின்ன அரவை இயந்திரங்களை ஊரிலேயே வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தபோது சாமை ஓரளவு அடுப்புக்குத் திரும்பியது. 2023 மே மாதம் முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். சேலம் மாவட்ட மலைகளுக்கும் அதைக் கேட்டு உங்கள் கிராமசபையில் தீர்மானம் போடலாம். வழக்கமாக அக்டோபர் 2லும் நவம்பர் 1லும் சபை கூடுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் கடைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையும் இருக்கிறது. அதே கூட்டத்தில் அதையும் எழுப்புங்கள். பறிப்பு இல்லாத மாதங்களில் ஊரக வேலைத்திட்டத்தில் எத்தனை நாள் வேலை தந்தார்கள் என்ற பதிவேட்டையும் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அரைக்கச் சாமை வேண்டுமென்றால் விதைக்க ஆள் வேண்டும். உங்கள் பக்கம் காட்டெருமை இறங்கி மேய்கிற தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குப் பயந்தே பலர் தானியம் விதைப்பதை விட்டிருப்பார்கள். ஊரில் எத்தனை வீட்டில் எவ்வளவு சாமை, கேழ்வரகு விளைகிறது என்று முதலில் ஒரு கணக்கெடுங்கள். மிஷினுக்குத் தீனி போதாது என்று தெரிந்தால், கேழ்வரகு மாவும் மிளகாயும் மிளகும் அரைக்கிற பொது அரவையாகத் தொடங்கி, சாமைத் தோல் நீக்கியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும் முன்பு, அது ஒருமுனை மின்சாரத்தில் ஓடுமா, மும்முனை கேட்குமா, ரிப்பேர் என்றால் சேலத்திலிருந்து ஆள் வருவாரா, நாம்தான் இறக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.